முப்பத்தோராவது அட்டை

ஓசூர்
4-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய லேகியம் பத்திரமாக வந்து சேர்ந்தது. டப்பாவின் மேல் "லேகியம், 200 கிராம், தயாரித்த நாள் 28-10" என்று நீங்கள் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து மருமகள் ப்ரீத்தி சிரித்துவிட்டாள். "மாமா ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சுன்னு அவருக்கு யாராவது சொன்னாங்களா அத்தை?" என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். எனக்குக் காது முழுதாகப் போய்விட்டதால் இந்த வீட்டில் எல்லாரும் இப்போது எழுதித்தான் காட்டுகிறார்கள். போன் பேச வழியில்லை. ஆகவே பழையபடி கடிதம். உங்களுக்கும் அதுதானே பிடிக்கும்.

ஒரு வேலை இருக்கிறது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நம் கடலூர் வீட்டை என் வீட்டுக்காரர் பெயரில் மியூசியமாகத் திறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஜான்சி என்று ஒரு பெண் பொறுப்பாக இருக்கிறாள். அவர் வரைந்த அறுபத்திரண்டு படங்களுக்கும் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஒவ்வொரு படத்திலும் இருப்பது யார், எந்த இடம், எந்த வருஷம் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். மாசி மகத்தன்று வெளியீடு. அதற்கு எப்படியாவது வந்துவிடுவேன். அதற்கு முன்னால் வந்து படம் படமாக நின்று பார்க்க என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

அந்தக் காலத்தில் முதல் முப்பது படங்களுக்கு நீங்கள் அட்டை எழுதினீர்களே, யூனிவர்சிட்டி லைப்ரரியில் புத்தகங்களுக்கு எழுதுகிற மாதிரி. அந்த எண்களையே வைத்துக்கொண்டு மீதிக்கு அவர்கள் தொடர்ந்து எண் போட்டிருக்கிறார்கள். அட்டைப் பெட்டியை நான்தான் கொடுத்தேன். மீதியையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. அவர் ஒரு படத்தைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, பரண்மேல் வைத்திருந்தார். "இத மட்டும் பிரிக்காத தில்லை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் பிரிக்கவில்லை. அவர் போன பிறகு எல்லாவற்றோடும் அதையும் கட்டோடு கொடுத்துவிட்டேன். அது என்ன படம் என்று பார்த்து எழுதுங்கள்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் ஒன்றரை மணி நேரம். நாற்பது வருஷமாக அதற்கு ஏதாவது காரணம் சொல்கிறீர்கள். வந்தாலும் முன்னறையில் காபியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வீர்கள். பாப்பா தமிழினி குளத்தில் போன நாளுக்குப் பிறகு உங்களைத் தோட்டத்துப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான். ஆனால் உங்களுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்துநான்கு. இனி எப்போது பார்ப்பது?

மகன் அரசு உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னான்.

உங்கள் தங்கை,
தில்லையம்மாள்

•

சிதம்பரம்
13-11-2024

அன்புத் தங்கை தில்லைக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி கிடைத்தது. நான்கு நாட்கள் யோசித்தேன். இந்த வேலைக்கு நான் தகுதியானவன்தானா என்று எனக்குத் தெரியவில்லை. படங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அளவு எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் நேற்றுப் போய் வந்தேன்.

சிப்காட் கெமிக்கல் நாற்றம் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை. நம் வேப்பமரத்தடியில் டிக்கெட் மேஜை. அங்கே தோட்டக்காரர் அன்பரசு உட்கார்ந்திருந்தார். தேவனாம்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு போனதால் செடிக்குத் தண்ணீர் விட வந்துவிட்டதாகச் சொன்னார். நான் யார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பெரியய்யாவுக்கு மச்சானா? அப்ப டிக்கெட் வாணாம்யா. ஆனா செருப்ப கழட்டிட்டுத்தான் போவணும். மச்சானுக்கும் அதே ரூல்தான்" என்றார்.

ஜான்சிக்கு நாற்பது வயது இருக்கலாம். மரியாதையான பெண். "அந்தக் கையெழுத்து நீங்கதானா சார்?" என்று என் விரல்களைப் பார்த்தாள். என்னுடைய அட்டைகள் முப்பதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடி. ஏழாம் அட்டையில் உயரத்தையும் அகலத்தையும் மாற்றி எழுதியிருக்கிறேன். நாற்பது வருடம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. திருத்தலாமா என்று கேட்டேன். இப்போது அதுவும் காட்சிப்பொருள், தொடக்கூடாது என்றாள்.

கீழ்த்தளத்தில் பத்துப் படங்கள். குறிப்பைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். எண் 3, நெல்லிக்குப்பம் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் நிற்கும் படம். அதன் அட்டையில் "மாடுகள் பதினான்கு" என்று எழுதியிருந்தேன். மறுபடி எண்ணினேன். பதினான்குதான். எண் 4-இல் நீ பச்சைப் புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்கிறாய்.

மாடிக்கு நேற்று ஏறவில்லை. படிக்கட்டின் கீழே சிறிது நேரம் நின்றேன். மேலே யாரோ ஜன்னல் பக்கம் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. படம் பார்க்க வந்தவர்கள் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். ஜான்சி வந்து, "மேல யாரும் இல்ல சார். இன்னைக்கு நீங்கதான் ரெண்டாவது ஆளு" என்றாள். பழைய மரத்தளம், வெயில் ஏறினால் சத்தமிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நான் ஏறவில்லை.

மழை தூறியதால் தோட்டத்துக்கும் போகவில்லை. அடுத்த முறை.

உன் அண்ணன்,
பூவராகன்

இணைப்பு: குறிப்புத் தாள் ஒன்று (எண் 1 முதல் 10 வரை)

•

ஓசூர்
21-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் வந்தது. எண் 6-இல் இருப்பது பால்காரர் சின்னப்பிள்ளையின் அண்ணன். சின்னப்பிள்ளை இல்லை. மீசையைப் பாருங்கள். மற்றதெல்லாம் சரி.

பச்சைப் புடவைப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர், "ஏ பச்சை, கொஞ்சம் இடது பக்கம் நகரு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னைத்தான். கல்யாணமாகி எட்டு மாதம். நான் அவர் கண்ணுக்குப் பெண்டாட்டியாகத் தெரிவதற்கு முன்னால் பச்சையாகத் தெரிந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கீரை பாதி ஆய்ந்தபடிதானே இருக்கிறது படத்தில்? அதுதான் காரணம்.

மூக்குக் கண்ணாடியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களா? பாவம், அவர்களுக்குத் தெரியாது. வரையும்போது அவர் அதைப் போட்டதே இல்லை. கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். "கண்ணாடி போட்டா இது மாடு, இது மனுஷன்னு தெரிஞ்சு போவுது. அப்புறம் நிறம் தெரிய மாட்டேங்குது" என்பார். எது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசையே வரையும்போது அவருக்குக் கிடையாது. படம் முடிந்த பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஓ, இங்க ஒரு ஆடு நிக்குதா" என்று அவரே சிரிப்பார்.

ஆனால் கண்ணுக்கு எதிரே இல்லாத ஒன்றை அவர் ஒருநாளும் வரைந்ததில்லை. அழகுக்காக ஒரு காக்கையைக்கூடச் சேர்த்தது கிடையாது.

மழை விட்டதும் தோட்டத்துக்குப் போங்கள். குளத்தை மண் அடித்து மூடிவிட்டு அதன்மேல் ஒரு புங்கங்கன்று வைத்தாரே, அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டை விட்டு வரும்போது அதைத் தொட்டுவிட்டு வர நினைத்தேன். அரசு காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

உங்கள் தங்கை,
தில்லையம்மாள்

•

சிதம்பரம்
18-12-2024

அன்புத் தங்கைக்கு,

புயலால் தாமதமாகிவிட்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பழைய நோட்டுகள் நனைந்தன. கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். பக்கத்து வீட்டு மணிவண்ணன், "என்னா தாத்தா, பேப்பர தொவைக்கிறீங்களா" என்று கேட்டார். அவருக்கே பேரன் இருக்கிறான். என்னைத் தாத்தா என்கிறார்.

கடலூரில் இந்த முறை சேதம் ஜாஸ்தி. மியூசியத்தைப் பத்து நாட்கள் மூடியிருந்தார்கள். படங்களுக்கு ஒன்றுமில்லை. இந்த மாதம் 12, 14, 17 ஆகிய மூன்று நாட்களும் போனேன். மாடிக்கும் ஏறினேன். வேலை செய்யும் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். படம் வைத்து வரையும் ஈசல் சட்டம் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறது. டர்பன்டைன் வாசனைகூட இருக்கிறது. ஐந்து வருடமாக யாரும் வரையாத அறையில் அது எப்படி இருக்க முடியும் என்று ஜான்சியிடம் கேட்டேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். என் மூக்கை நம்ப முடியாது.

குறிப்புகளைத் தனித்தாள்களில் அனுப்புகிறேன். எண் 11 முதல் 30 வரை பழைய அட்டைகளோடு ஒப்பிட்டாயிற்று. எண் 32 முதல் 62 வரை புதிதாக எழுதியிருக்கிறேன். 45-இல் இருப்பது பரங்கிப்பேட்டை அப்துல் வதூது பாய் என்று நினைத்தேன். அவர் மகள் ருக்கையாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். படத்தைப் பார்த்து அந்த அம்மாள், "அத்தா இவ்வளவு சாதுவா உட்காந்து நான் பாத்ததே இல்ல" என்றார்.

குளிர் காலம். முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொள்.

உன் அண்ணன்,
பூவராகன்

இணைப்பு: குறிப்புத் தாள்கள் ஆறு

•

ஓசூர்
26-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு தாள்களையும் இரண்டு முறை படித்தேன். எவ்வளவு உழைத்திருக்கிறீர்கள். வதூது பாயைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

ஆனால் முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு வருகிறது. முப்பத்தொன்று எங்கே?

தாள் உறையில் ஒட்டிக்கொண்டதோ என்று உறையைக் கிழித்தே பார்த்துவிட்டேன். லேகியத்துக்குச் சீட்டு ஒட்டுகிறவர் நீங்கள். ஒரு எண்ணை மறந்து தாண்டுவீர்களா? ஜான்சியும் எழுதியிருக்கிறாள். சாக்கில் இருந்த படத்துக்குத்தான் 31 கொடுத்திருக்கிறார்களாம், முப்பதாவதை ஒட்டியே வரைந்ததாகத் தெரிகிறதாம். அதில் வெள்ளைச் சட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் என்று என்னைக் கேட்கிறாள். "சார் அந்தப் படத்துக்கு முன்னால மூணு நாளும் ரொம்ப நேரம் நின்னாரு, ஆனா ஒண்ணும் சொல்லல" என்றும் எழுதியிருக்கிறாள்.

புங்கமரத்தைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. தோட்டத்துக்குப் போனீர்களா, இல்லையா?

உங்கள் தங்கை,
தில்லையம்மாள்

•

சிதம்பரம்
4-1-2025

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதற்குப் பதில்.

எண் 31. தலைப்பு, குளத்தில் செந்தாமரை. தலைப்பை வைத்தது மியூசியம். தேதி இல்லை. மாடி ஜன்னலிலிருந்து தெரிகிற பின்தோட்டம். நடுவில் கல் பெஞ்சு, அதன் பின்னால் குளம். படம் முடிக்கப்படவில்லை. இடது மூலையில் வெறும் கித்தான் தெரிகிறது. பெஞ்சில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். முகம் வரையப்படவில்லை. அது யாராகவும் இருக்கலாம். உறுதியில்லாமல் ஒரு பெயரை எழுதுவது முறையில்லை என்பதால் விட்டுவிட்டேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்.

புங்கமரம் இல்லை. தோட்டத்தைத் திருத்தி அமைத்திருக்கிறார்கள்.

மாசி மகத்துக்கு நீ வருவதைப் பற்றி மறுபடி யோசித்துப் பார். ஊர் முழுக்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும். சாலையில் நகர முடியாது. இந்த முழங்காலோடு உனக்கு அது கஷ்டம். புத்தகத்தை நானே வாங்கித் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்,
பூவராகன்

•

ஓசூர்
13-1-2025

அண்ணனுக்கு,

நாளைக்குப் பொங்கல். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

நம் குளத்தில் செந்தாமரை எப்போது இருந்தது? கீரப்பாளையத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்து போட்டது நான். வெள்ளை அல்லி. அது ஒன்றுதான் அந்தக் குளத்தில் பூத்தது. கண்ணுக்கு எதிரே இல்லாததை அவர் வரையமாட்டார் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்தச் சிவப்பு என்ன? பெஞ்சில் இருப்பது யார்? மியூசியத்துக்காகக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

தில்லை

•

சிதம்பரம்
29-1-2025

அன்புத் தங்கை தில்லைக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, எழுதி முடித்த கையோடு தபால் பெட்டியில் போட முடிவு செய்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

1984, மாசி மகம். தீர்த்தவாரிக்குப் போக விடியற்காலையிலேயே பாப்பாவுக்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாய். நெற்றி சுட்டதால் விட்டுவிட்டுப் போனாய். பாவாடையை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. "அண்ணே, பாத்துக்க" என்று வாசலில் நின்று சொன்னாய். மாப்பிள்ளை மாடியில் வரையத் தொடங்கியிருந்தார்.

நான் கல் பெஞ்சில் உட்கார்ந்து அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தேன். குளம் என் முதுகுக்குப் பின்னால். பாப்பா மை ஒற்றும் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "மாமா, எனக்கும் ஒரு நம்பர் போட்டுக் குடு" என்றாள். "முப்பது முடியட்டும் பாப்பா. முப்பத்தொண்ணு நீ" என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று நான் பார்க்கவில்லை.

முப்பதாம் அட்டையில் அளவு எழுதும்போது பின்னால் தண்ணீரில் ஒரு சத்தம் கேட்டது. தென்னை மட்டை விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டடி மூன்று அங்குலம் என்று எழுதினேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு புது அட்டை ஒன்றை எடுத்து அவளுக்காக 31 என்று எண் போட்டேன். பெயர் எழுதுவதை அவள் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தேன். அவள் இல்லை. அப்பாவிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். கூப்பிடலாமா என்று தோன்றியது. மாப்பிள்ளை வேலை செய்யும்போது சத்தம் போட்டால் கோபிப்பார். அதனால் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓசைப்படாமல் பின்வாசல் வழியாகப் போய்ப் பதினொன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் ஆள் வந்து சொல்லி நான் திரும்பி வந்தபோது கூடத்தில் நீ இருந்த நிலை எனக்குத் தெரியும். ஒரு ஏட்டு என்னிடம், "நீங்க எத்தினி மணிக்கு கெளம்புனீங்க?" என்று கேட்டார். பத்தரை என்று சொன்னேன். நான் அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பெயின்ட் அப்படியே இருந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "ஆமாம் ஏட்டய்யா. மச்சான் பத்தரைக்கே போயிட்டாரு" என்றார்.

அவருக்கு நேரம் தெரியாது, நான் சொன்னதை நம்பி அப்படியே சொன்னார் என்றுதான் நாற்பத்தொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தில்லை, அந்தப் படத்தில் பெஞ்சில் இருப்பது நான். மடியில் அட்டைப் பெட்டி, பக்கத்தில் நீ வாங்கிக் கொடுத்த மூங்கில் பிடிக் குடை. பெஞ்சின் நிழல் அதன் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கிறது. டிசம்பர் 17-ஆம் தேதி வெயில் வந்தபோது அதே பெஞ்சின் நிழலைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். மார்கழி நிழல் மாசி நிழலைவிடச் சற்று நீளம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். படத்தில் இருப்பது பதினொன்றேகால் நிழல். நான் பத்தரைக்குப் போகவில்லை என்பது மாப்பிள்ளைக்கு அன்றைக்கே தெரியும். அவரே அதை வரைந்திருக்கிறார்.

எனக்குப் பின்னால், குளத்தில், சிவப்பு. ஒரே ஒரு தூரிகைத் தடம், பூ விரிந்த மாதிரி. பட்டுப்பாவாடை தண்ணீரில் அப்படித்தான் விரியும். படங்களைச் சுத்தம் செய்ய வந்தவர் சொன்னாராம், எல்லா நிறத்துக்கும் மேலே கடைசியாக வைத்தது அந்தச் சிவப்புதான் என்று. அதற்குப் பிறகு அந்தப் படத்தில் ஒரு கோடுகூட இல்லை. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். பச்சைக்கு நடுவில் சிவப்புத் தெரிந்தது, வைத்தார். பிறகுதான் நம் குளத்தில் சிவப்பு ஏது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியை எடுத்து மாட்டியிருக்க வேண்டும். அதற்குள் நான் பெஞ்சிலிருந்து போய்விட்டேன்.

இது என் அனுமானம். தவறாக இருக்கலாம். அவரையும் சேர்த்துக்கொண்டு என் பங்கைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்காதது இரக்கத்தினாலா, அல்லது என் நேரத்தைச் சொன்னால் தன் ஜன்னலையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதாலா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மூன்று நாட்கள் அதன் முன்னால் நின்றும் முடியவில்லை.

நீ வருவதற்கு முன்னால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தோட்டத்தை மீட்பது என்று சொல்லி அந்தப் படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் அமைத்திருக்கிறார்கள். புங்கமரத்தை எடுத்துவிட்டுக் குளத்தை மறுபடி தோண்டியிருக்கிறார்கள். அரசு கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் பிறந்தது பிறகுதானே, அவனுக்கு என்ன தெரியும். குளத்தில் செந்தாமரை வைத்திருக்கிறார்கள். அன்பரசு பெருமையாகச் சொன்னார்: "படத்துல எங்க இருக்குதோ கரெக்டா அங்கியே தொட்டிய எறக்கி வெச்சிருக்கோம்யா. நாடா புடிச்சு அளந்தோம். ஒண்ணு வாடுனா அதே எடத்துல அடுத்தது நிக்கும்." மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். நின்றது.

அன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் தோட்டத்தில் இருந்தபோது ஒரு சிறுமி பூவைப் பார்க்கக் குளத்தின் விளிம்பில் குனிந்தாள். "பாப்பா, தள்ளி நில்லு" என்று கத்திவிட்டேன். நான் அப்படிக் கத்தி நானே கேட்டதில்லை. பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடி ஜன்னலிலிருந்தும் யாரோ பார்த்த மாதிரி இருந்தது. அன்பரசு ஓடி வந்து, "ஒண்ணும் ஆவாதுய்யா. முழங்கால் தண்ணிதான், கம்பி வலை போட்டிருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கல் பெஞ்சில்தான் என்னை உட்கார வைத்தார்.

பாப்பாவுக்காக எண் போட்ட அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். 31 என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்பதை நீ சொல். நீ எதை எழுதினாலும் அதையே ஜான்சியிடம் கொடுத்துவிடுகிறேன். செந்தாமரை என்றே விட்டுவிடச் சொன்னாலும் சரி.

பதில் எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம். புரிந்துகொள்வேன்.

பூவராகன்

இணைப்பு: அட்டை ஒன்று

•

சிதம்பரம்
19-2-2025

தில்லைக்கு,

கடிதம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். தபாலில் தவறியிருந்தால் மறுபடி எழுத எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.

பூவராகன்

•

(அட்டையில்)

31

தலைப்பு: தமிழினி
இடம்: கடலூர் வீடு, பின்தோட்டம்
நாள்: 1984, மாசி மகம்
நேரம்: காலை பதினொன்றேகால்
படத்தில் இருப்பவர்கள்: பெஞ்சில், என் அண்ணன் பூவராகன். குளத்தில், என் மகள் தமிழினி, வயது ஐந்து.
வரைந்தவர்: ராமாமிர்தம், அவள் அப்பா
படத்தில் இல்லாதவர்: தில்லையம்மாள், அவள் அம்மா

(பின்புறத்தில்)

ஓசூர்
27-2-2025

கிடைத்தது. இதை இப்படியே அச்சடிக்க வேண்டும் என்று ஜான்சிக்கு எழுதிவிட்டேன். ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது.

மாசி மகத்தன்று வருகிறேன். அரசு காரில் கூட்டிவருகிறான். அன்றைக்கு இருக்கும் கூட்டத்தில் வந்து சேர மத்தியானம் ஆகலாம். நீங்கள் காலையிலேயே போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். குளத்தைப் பார்த்தபடி உட்காருங்கள்.

நான் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

தில்லை